எந்தக் கதவை முதலில் தட்டுவது? சுங்கை சிப்புட் தோட்ட வீடு ஒன்றின் உதவித்தொகைக் கணக்கு

இங்கே வருகிற குடும்பம் ஒரே வீட்டைச் சேர்ந்ததல்ல. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் சிக்கல்களை ஒரு கூரைக்குக் கீழே சேர்த்து வைத்திருக்கிறோம். விதிகளும் உதவித்தொகைகளும் 2025ஆம் ஆண்டில் உள்ளபடி.

வீடும் ஆட்களும்

குடும்பத் தலைவருக்கு 52 வயது, செம்பனை அறுவடைக்காரர். 1995 ஜனவரியிலிருந்து 2000 டிசம்பர் வரை ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். அந்த 72 மாதமும் சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா, பிடித்திருக்கிறார்கள். அதன்பின் 22 ஆண்டுகள் குத்தகையாளர் கீழ் குலை வெட்டினார். கையில் காசு, சம்பளச் சீட்டு கிடையாது, சொக்சோவும் கிடையாது. 2023 ஜனவரியில்தான் தோட்ட நிர்வாகம் அவரை நேரடியாக வேலைக்கு எடுத்தது.

மனைவிக்கு 46 வயது. குத்தகையாளரிடம் புல் வெட்டு, மருந்தடிப்பு. மாதம் 700 வெள்ளி (ரிங்கிட்) தேறும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர், 15 வயதும் 9 வயதும். மூத்த மகன் 23 வயது, ஈப்போவில் வாடகை அறையில் தங்கித் தொழிற்சாலைக்குப் போகிறான்; அடையாள அட்டையில் மட்டும் இன்னும் தோட்டத்து முகவரி. கூடவே 71 வயதுப் பாட்டி, சிவப்பு அடையாள அட்டைக்காரர், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி.

2025 ஜனவரிக் கடைசியில் தலைவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் மருத்துவ விடுப்புச் சம்பளம் வந்தது. மார்ச் முடியும்போது ஆப்பீஸ் கிராணி (எழுத்தர்) ஒரு கடிதத்தை நீட்டினார். “அண்ணே, இனிமே உங்களால வெட்ட முடியாது. இதுல கையெழுத்துப் போட்டுட்டா கணக்க முடிச்சிரலாம்.” இடது கையால் பெருவிரல் ரேகை வைத்தார். அது வேலையை விட்டு விலகும் கடிதம்.

ஏப்ரலில் மனைவி கோலக்கங்சாருக்குப் போனார். சுங்கை சிப்புட் அந்த மாவட்டத்துக்குள் வருவதால் சமூக நல இலாகாவின் மாவட்ட அலுவலகம் அங்கேதான். பாரம் நிரப்பிக் கொடுத்தார். ஆவணம் போதவில்லை என்று திரும்பி வந்தது. ஜூனில் மறுபடி போனார், மறுபடியும் குறை. சொக்சோ பற்றி வீட்டில் யாரும் பேசவே இல்லை. “அது வேலையில அடிபட்டாத்தானே குடுப்பாங்க” என்றுதான் லயமே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள் எல்லாமே, நம்பியிருந்தது.

அந்த நம்பிக்கையால் போன பணம்தான் இந்தக் குடும்பத்தின் ஆகப் பெரிய இழப்பு. முதலில் அதையே பார்ப்போம்.

சொக்சோ: 40 மாதச் சன்னல்

1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு திட்டங்கள் உண்டு. ஒன்று வேலையிட விபத்துக்கு. மற்றது உடல் இயலாமைக்கு. மலாயில் ‘இலாட்’ என்பார்கள். பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, பார்வை இழப்பு என நோய் எங்கே வந்தது, எப்படி வந்தது என்று இரண்டாவது திட்டம் கேட்பதில்லை. நோய் நிரந்தரமாகி, அதே தகுதியுள்ள நலமான தொழிலாளி சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இவரால் சம்பாதிக்க முடியாது என்று மருத்துவக் குழு சொன்னால் போதும். 60 வயதைத் தொடுவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதற்காகத்தான் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள். மாதம் 1,650 வெள்ளி வாங்குகிறவருக்கு 8 வெள்ளி 25 காசு போகிறது, முதலாளி தன் பங்குக்கு 28 வெள்ளி 85 காசு கட்டுகிறார். இது தானமன்று. கட்டியதற்கு வரவேண்டிய பாத்தியம்.

முழுத் தகுதிக்கு இரண்டு வழி. இயலாமை நோட்டீஸ் சொக்சோவில் சேர்ந்த மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால், முதன்முதலில் சந்தா தொடங்கியதிலிருந்து எண்ணி மூன்றில் இரண்டு பங்கு மாதங்களாவது கட்டியிருக்க வேண்டும். அதிலும் 24 மாதம் குறையக்கூடாது. மூன்றில் ஒரு பங்கும் 24 மாதமும் இருந்தால் குறைந்த தகுதி கிடைக்கும்.

இவருடைய சந்தாவை எண்ணிப் பாருங்கள். முதலில் 72 மாதம், பிறகு 2023 ஜனவரியிலிருந்து 2025 மார்ச் வரை 27 மாதம். மொத்தம் 99. 1995 ஜனவரியிலிருந்து 2025 மார்ச் வரை 363 மாதங்கள் ஆகின்றன. மூன்றில் இரண்டு பங்கு 242, மூன்றில் ஒரு பங்கு 121. இரண்டுக்கும் 99 எட்டாது. குத்தகையாளரிடம் போன 22 ஆண்டு அந்தக் கதவை மூடிவிட்டது. மிஞ்சுவது 40 மாதச் சன்னல் ஒன்றுதான்.

அந்தச் சன்னல் நகர்ந்துகொண்டே இருக்கும். நோட்டீஸ் 2026 மேக்குள் போய்ச் சேர்ந்தால் 27 மாதமும் உள்ளே இருக்கும். ஜூனில் போனால் 26, ஜூலையில் 25, ஆகஸ்டில் 24. செப்டம்பரில் கொடுத்தால் 23 மாதம்தான் தெரியும், பென்சன் இல்லை. வேலை நின்ற பிறகு முழுதாக 16 மாதம் கழிந்தாலும் தாங்கும், 17 மாதம் கழிந்துவிட்டால் தாங்காது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த 16 மாதமும் கடைசி 24 மாதம் இடைவெளி இல்லாமல் கட்டியவருக்குத்தான். நடுவில் இரண்டு மாதம் விட்டுப்போயிருந்தால் 14தான். நேரடி வேலைக்கு வந்து மூன்று நான்கு ஆண்டே ஆன முன்னாள் குத்தகைத் தொழிலாளர்கள் எல்லாரும் இந்தக் கணக்கைத் தங்கள் சந்தாவை வைத்து ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பென்சன் தொகைக்கு வருவோம். முழுத் தகுதி உள்ளவருக்குச் சராசரிச் சம்பளத்தில் 50 விழுக்காட்டில் தொடங்கும். முதல் 24 மாதத்துக்கு மேல் கட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 1 விழுக்காடு கூடும், உச்சம் 65. இவருக்கு 99இல் 24 போக 75 மாதம், அதில் ஆறு பன்னிரண்டுகள். ஆக 56 விழுக்காடு. சராசரி 1,650 என்றால் மாதம் 924 வெள்ளி. 1995இல் கட்டிய பழைய 72 மாதம் தகுதிக்கு உதவாவிட்டாலும் இங்கே உதவுகிறது. அந்தத் தொழிற்சாலைச் சந்தா சொக்சோ ஏட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அதற்காகத்தான். சந்தாப் பட்டியலைச் சொக்சோ முகப்பிலேயே கேட்டு வாங்கலாம்.

இந்த வீடு நோட்டீஸ் கொடுத்தது 2025 அக்டோபரில். பென்சன் கணக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளை ஒட்டித்தான் ஓடத் தொடங்கும். ஏப்ரலிலேயே கொடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஆறு மாதம் போயிற்று. ஆறு மாதம் என்றால் 5,544 வெள்ளி. நல இலாகாவுக்கு அலைந்த பேருந்துச் செலவு அதில் சேரவில்லை.

மருத்துவக் குழுவுக்குப் போகுமுன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எம்சி எனப்படும் மருத்துவ விடுப்புச் சீட்டுகளை மட்டும் கட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள். எம்சி விடுப்புக்குத்தான் சாட்சி. குழு பார்ப்பது நிபுணர் எழுதிய மருத்துவ அறிக்கை: நோயின் பெயர், தொடங்கிய நாள், இப்போது எதைச் செய்ய முடியாது, இனித் தேறுமா. உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போன நாட்களின் அட்டையும் வேண்டும். சிகிச்சை எடுத்தும் தேறவில்லை என்பதை அதுதான் காட்டும். முடிவு பாதகமாக வந்தால் 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்கு எழுதலாம். முடிவுக் கடிதத்தை வெறும் ‘சூராட்’ (மலாயில் கடிதம்) என்று மைலோ டின்னில் போட்டு மூடிவிட்டுத் தவணையைத் தவறவிடும் வீடுகள் நிறைய. கடிதம் வந்த நாளை உறையின் மேல் பேனாவால் எழுதி வையுங்கள்.

கைரேகை வைத்த கடிதம்

விலகல் கடிதம் பென்சனைக் கெடுக்கவில்லை. வேறொன்றைக் கெடுத்தது. 1980ஆம் ஆண்டு வேலை நீக்கச் சலுகை விதிகளின்படி, நிர்வாகமே வேலையை முடித்தால், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சேவை செய்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வரும். இரண்டு ஆண்டுக்குள் என்றால் 10 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். தானாக விலகுகிறவருக்கு அது இல்லை. இரண்டேகால் ஆண்டுச் சேவைக்கு ஏறக்குறைய 34 நாள் சம்பளம் அந்த ரேகையோடு போனது. நோயாளி படுக்கையில் இருக்கும்போது எந்தக் கடிதமும் வீட்டுக்கு வந்து, ஒரு நாள் இருந்து, யாராவது மலாய் படிக்கத் தெரிந்தவர் வாசித்த பிறகுதான் கையெழுத்தாக வேண்டும். தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர் என்றால் கிளைச் செயலாளரிடம் காட்டலாம். இல்லையென்றால் ஆள்பல இலாகாவில் புகார் செய்யலாம்.

மனைவியின் வேலையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘குத்தகையாளர் ஆள், அதனால் சொக்சோ இல்லை’ என்பது தவறு. குத்தகையாளர் வழியாக வேலைக்கு வந்தவருக்கும் சந்தா கட்ட வேண்டும். அவர் கட்டத் தவறினால் தோட்டத்தையும், அதாவது மூல முதலாளியையும், கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. எந்தத் தேதி எந்த வயலில் வேலை, எவ்வளவு காசு என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வருவதுதான் அவருக்குச் சம்பளச் சீட்டு. கணவர் இழந்த 22 ஆண்டு மனைவிக்கும் நேரக்கூடாது.

சேமநிதியைப் பொறுத்தவரை அவசரப்பட வேண்டாம். இயலாமைக்காக முழுப் பணத்தையும் எடுக்க வழி உண்டு. தகுதி இருந்தால் வாரியம் தனியாக 5,000 வெள்ளி இயலாமை உதவியும் தரும். 2024 மேயில் வந்த மூன்றாவது கணக்கிலிருந்து, அதில் பணம் இருந்தால், 50 வெள்ளிக்குக் குறையாமல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். முதல் சில மாத அரிசிச் செலவுக்கு அந்தக் கணக்கைத் தொட்டுக்கொண்டு மற்றதை விட்டுவைப்பதே நல்லது.

நல இலாகா ஏன் திருப்பி அனுப்பியது

இலாகாவின் மாத உதவி வறுமையைப் பார்த்துத் தரப்படுவது. ஆகவே வீட்டின் மொத்த வருமானம், வீட்டில் எத்தனை பேர், பார்த்துக்கொள்ளக்கூடிய பிள்ளைகள் உண்டா என்பதெல்லாம் கேட்பார்கள். நாட்டின் சராசரி வறுமைக் கோட்டு வருமானம் 2022 கணக்கின்படி 2,589 வெள்ளி. இந்த வீட்டுக்குப் பென்சன் 924, மனைவி 700, மூத்த மகன் அனுப்புவது 200, ஆக 1,824. பென்சன் வந்த பிறகும் கோட்டுக்குக் கீழேதான். ‘சொக்சோ வாங்கினால் நல இலாகா தராது’ என்று பயந்து சொக்சோவை மறைத்தவர்களும் உண்டு. மறைக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அதிகாரி எல்லா வருமானத்தையும் கூட்டித்தான் பார்ப்பார். கூட்டினாலும் இப்படிப்பட்ட வீடு தகுதிக்குள் இருக்கும்.

ஏப்ரலில் திரும்பியதற்குக் காரணம் வருமானச் சான்று. ‘சம்பளச் சீட்டு இல்லை’ என்று மனைவி வாயால் சொன்னார். பாரத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். காலிக் கட்டம் இருந்தால் கோப்பு நகராது. மாதம் சராசரி எவ்வளவு என்று எழுதி, பெங்குலுவிடமோ (வட்டாரத் தலைவர்) கிராமத் தலைவரிடமோ உறுதிச் சான்று வாங்கி இணைத்திருக்க வேண்டும். வீட்டு முகவரிக்கும் அதே சிக்கல். தண்ணீர், மின்சாரம் இரண்டும் தோட்டத்தின் பெயரில். இவர்கள் பெயரில் ஒரு பில்லும் இல்லை. ‘இன்ன லயம், இன்ன கதவு எண்ணில் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள்’ என்று நிர்வாகியின் முத்திரையோடு கடிதம் வாங்கினால் அது தீரும்.

ஜூனில் தடுத்தது மூத்த மகன். அவனுடைய அட்டையில் இந்த முகவரி இருப்பதால் அவனும் வீட்டு ஆளாகவே எண்ணப்பட்டான். அவன் சம்பளமும் கூடியது. இந்த இடத்தில் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஈப்போ அறையின் வாடகை ரசீது, பதிவு இலாகாவில் மாற்றிய முகவரி, மாதம் வீட்டுக்கு அனுப்புகிற 200 வெள்ளியைக் காட்டும் வங்கிச் சீட்டு, இந்த மூன்றும் போதும். அதிகாரி வீட்டுக்கு வந்து பார்க்கும்போது பாட்டியும் மருமகளும் ஆளுக்கொரு தொகை சொன்னால்தான் சந்தேகம் வரும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பணம் ஏறாமல் திரும்புவது பெரும்பாலும் இதனால்தான். வங்கிப் புத்தகத்திலும் மைகாட் அடையாள அட்டையிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பழைய கணக்கில் ‘இன்னார் மகள்’ என்பதைக் குறிக்கும் ‘ஏ/பி’ விட்டுப்போயிருக்கும், அல்லது தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து கூடியிருக்கும். நெடுநாள் தொடாத கணக்கு உறங்கிப்போயிருக்கும். பாரம் கொடுக்குமுன் முகப்பில் போய் 10 வெள்ளி போட்டு 5 வெள்ளி எடுத்துப் பார்த்தால் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று அன்றைக்கே தெரியும்.

பிள்ளைகளுக்கு வரக்கூடியது: 2025 ஜனவரியிலிருந்து 6 வயதும் அதற்குக் கீழும் என்றால் தலைக்கு 250 வெள்ளி, 7இலிருந்து 18 வரை 200 வெள்ளி, ஒரு குடும்பத்துக்கு உச்சம் 1,000. இந்த இருவருக்கும் 400. பள்ளியிலிருந்து படிக்கிறார்கள் என்ற கடிதம் வேண்டும். தலைவரை மாற்றுத்திறனாளியாகப் பதிவு செய்வதும் தனி வேலை. அரசு மருத்துவர் பாரத்தை நிரப்பித் தர வேண்டும். பக்கவாதக்காரருக்குச் சில மாதச் சிகிச்சைக்குப் பிறகுதான் நிரப்புவார்கள் என்பதால், அடுத்த கிளினிக் தேதியிலேயே கேட்டு வைக்க வேண்டும். அந்த அட்டை இருந்தால் அரசு மருத்துவமனைக் கட்டணமே மிச்சமாகும்.

பாட்டியின் சிவப்பு அட்டை

60 வயதுக்கு மேற்பட்ட வறியவர்களுக்கு மாதம் 600 வெள்ளி. 2025இல் 500இலிருந்து உயர்ந்தது. பாட்டிக்கு 71 வயது, வருமானம் ஒரு காசு இல்லை. ஆனாலும் கிடைக்காது, குடியுரிமை இல்லாதவருக்கு இந்த உதவி இல்லை. 1954இல் இதே வட்டாரத் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, தோட்டப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் நிரந்தரவாசியாகவே கிழவியாகிவிட்டார் என்பது மனதைப் பிசைகிற விஷயம்.

சிவப்பு அட்டைக்காரர் எல்லாருக்கும் ஒரே பாரம் என்று நினைத்து, பலருக்கும் இயல்புரிமை வழியில், அதாவது 19ஆவது பிரிவில், எழுதிக் கொடுக்கிறார்கள். மெர்டேக்காவுக்கு (1957 சுதந்திரம்) முன் கூட்டரசு மண்ணில் பிறந்தவருக்கு அரசியலமைப்பில் 16ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஏழு ஆண்டில் மொத்தம் ஐந்தாண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், இங்கேயே நிலைத்து வாழ நினைக்க வேண்டும், நன்னடத்தை, ஓரளவு மலாய் அறிவு. பாட்டிக்கு எல்லாமே உண்டு. இல்லாதது இங்கே பிறந்ததற்கான சாட்சி. பிறப்புப் பத்திரம் தொலைந்திருந்தால் பதிவு இலாகாவில் தேடல் விண்ணப்பம் போட வேண்டும். தேடும்போது இன்றைய பெயரில் மட்டும் தேடச் சொல்லாமல், தகப்பனார் பெயரின் பழைய எழுத்துகள், அப்போதைய தோட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். ‘முனியம்மா’ ஒரு ஏட்டில் ஒரு மாதிரியும் இன்னொரு ஏட்டில் வேறு மாதிரியும் இருக்கும்.

கோயிலில் கட்டிய தாலி

இந்தத் தம்பதிக்கு 2001இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர் திருமணத்துக்குப் பதிவு கட்டாயம்.

தலைவர் உயிரோடு இருக்கும்வரை இது பென்சனைத் தொடாது. அவர் காலமான பிறகுதான் வெடிக்கும். வாரிசுப் பென்சனில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பதிவுச் சான்று இல்லாத மனைவி அந்த முகப்பில் நின்று தன்னை மனைவி என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். இருவரும் உயிரோடு இருக்கிற இப்போது பதிவு செய்துகொள்ளலாம். ஒருவர் போன பிறகு முடியாது. சக்கர நாற்காலியில் இருந்தாலும் கையெழுத்துக்குப் பதில் ரேகை வைக்கலாமா, அதிகாரி என்ன ஏற்பார் என்று முன்கூட்டியே பதிவு இலாகாவில் கேட்டு நாள் குறித்துக்கொள்வது நல்லது. பாட்டிக்கான தேடல் விண்ணப்பத்தோடு ஒரே நாளில் இதையும் முடிக்கலாம். வாடகைக் கார் ஒன்று மிச்சம்.

மற்ற இரண்டு

ரஹ்மா ரொக்க உதவி நல இலாகா வழியாக வருவதில்லை. உள்நாட்டு வருமான வாரியத்தின் பதிவு அது. தலைவர் பெயரில் பழைய சம்பளத்தோடு பதிவு இருந்தால் இப்போதைய வருமானத்தைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காதவர்கள் மேல் தட்டிலேயே நின்று குறைந்த தொகை வாங்குகிறார்கள்.

சாரா, அதாவது கடையில் அடிப்படைப் பொருள் வாங்குவதற்கான உதவி, மைகாட்டிலேயே ஏறும். இ-காசே வறியோர் பட்டியலில் இருக்கிற குடும்பத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 200 வெள்ளி. பட்டியலில் இல்லையென்றால் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கடை முகப்பில் ‘கார்டு படிக்கவில்லை’ என்று திருப்பி அனுப்பினால் உதவி நின்றுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்; சட்டைப் பையில் வியர்வையும் செம்பனை எண்ணெயும் பட்ட அட்டையின் சில்லு கெட்டிருக்கும். பதிவு இலாகாவில் புது அட்டை எடுத்தால் சரியாகும்.

அக்டோபருக்குப் பிறகு

சொக்சோ நோட்டீஸ் போய்விட்டது. மருத்துவக் குழு நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கான பாரம் மூன்றாம் முறையாக, நிர்வாகியின் கடிதமும் மகனின் வாடகை ரசீதும் இணைத்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பெற்றுக்கொண்டதற்கான முத்திரை நகலில் இருக்கிறது. உதவி கிடைத்த பிறகும் இலாகா அவ்வப்போது மறு ஆய்வு செய்யும். பென்சன் ஏறத் தொடங்கிய மாதமே அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும். பின்னால் அவர்களே கண்டுபிடித்தால் உதவி நிற்கும், வாங்கியதைத் திருப்பிக் கேட்கவும் கூடும். 15 வயதுப் பிள்ளைக்கு 18 முடிகிற மாதத்தை மனைவி நாட்காட்டியின் பின்னட்டையில் குறித்து வைத்திருக்கிறார். பக்கத்திலேயே ‘2026 ஆகஸ்ட்’ என்று ஒரு வட்டமும் இருக்கிறது, அது எதிர்வீட்டுக்காரருக்கு. அவரும் 2023 ஜனவரியில்தான் நேரடி வேலைக்கு வந்தார், அவருக்கும் 2025 மார்ச்சோடு சந்தா நின்றுவிட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறார், இன்னும் நோட்டீஸ் கொடுக்கவில்லை.